முதல் மரக்கிண்ணம்: பூவரசில் கடைந்தேன், கோணிப்போய் விளிம்பும் வெடித்துவிட்டது

வேலிப்பூவரசு:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர்ப் பக்கம் எங்கள் கொல்லை வேலியில் நின்ற பூவரசு ஐப்பசி மழையில் வேரோடு சாய்ந்துவிட்டது. அடிமரத்தை விறகாக்க மனம் வராமல் ஒன்றரை அடி நீளத் துண்டுகளாக அறுத்துத் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தேன். என் அப்பாயி கல்லுப்பு வைத்திருந்த மரவை ஒன்று, பாகம் பிரித்தபோது எங்கோ போய்விட்டது. அதைப்போல ஒன்றை என் கையாலேயே கடைந்து அம்மாவின் அடுப்படியில் வைக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

என்னிடம் இருப்பது அரைக் குதிரைத்திறன் மோட்டார் பொருத்திய சிறிய மேசை லேத், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரம். உளிகள் இரண்டுதான்: குழிவான வாயுள்ள அரை அங்குல நகவுளி ஒன்று, வட்டமுனைச் சுரண்டுளி ஒன்று. துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் தட்டையான பக்கத்தில் கவராயத்தால் 6 அங்குல வட்டம் போட்டு, மூலைகளை அறுத்தெடுத்தேன். அந்தத் தட்டைப் பக்கத்தில் ஃபேஸ் பிளேட்டை (கட்டையை லேத்தோடு இணைக்கும் இரும்புத் தட்டு) நான்கு திருகாணிகளால் முடுக்கி, வெளிப்புறத்தையும் அடியில் சக் (தாடைகளால் கவ்வும் பிடிப்பான்) பிடிப்பதற்கான குமிழையும் கடைந்தேன். பிறகு கிண்ணத்தைத் திருப்பிச் சக்கில் பிடித்து உட்புறத்தைக் குடைந்தேன். மரத்தின் நடுவிலுள்ள வைரம் தெரிந்ததும் எழுந்த மணத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ரோஜா இதழைக் கசக்கியதுபோல் பட்டறை முழுவதும் மணந்தது.

ஆனால் குறைகள் பல. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1800 சுற்று வேகத்தில் ஓட்டியபோது மேசையே அதிர்ந்தது. உட்புறத்தைத் தொடங்கும்போது உளி விளிம்பைக் கடித்து வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. கிண்ணம் சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் உருண்டது. மறுபடி பிடித்துக் கடைந்து முடித்தேன். வெளிப்புறத்தில் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும், எத்தனை முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், நார் பிய்ந்து சொரசொரப்பாகவே இருக்கிறது. கடைந்த அன்று எப்பக்கம் அளந்தாலும் 152 மில்லிமீட்டர் இருந்த விட்டம், இருபது நாள் கழித்து ஒரு பக்கம் 152 ஆகவும் அதற்குக் குறுக்கே 147 ஆகவும் நிற்கிறது. விளிம்பில் ஓர் அங்குல நீளத்துக்கு வெடிப்பும் விட்டிருக்கிறது. விளிம்பின் தடிமன் 5 மில்லிமீட்டர், அடிப்பாகம் 18 மில்லிமீட்டர்.

என் கேள்விகள் மூன்று. சொரசொரப்பு ஏன் இரண்டு இடங்களில் மட்டும் வருகிறது? கோணலையும் வெடிப்பையும் தடுத்திருக்க முடியுமா? உணவுப்பொருள் வைக்கும் கிண்ணத்துக்கு என்ன பூச்சுப் பூசலாம்?

தாமிரபரணிக்கரை:

வணக்கம் அம்மா. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மரச்செப்புக் கடைசல்தான் தொழில். அந்தப் பழக்கத்தை நம்பி முதன்முதலாகக் கிண்ணம் கடைந்தபோது, நீங்கள் சொல்லும் அதே இரண்டு இடங்களில் எனக்கும் நார் பிய்ந்தது. ஆகவே முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

செப்புச் சாமான் கடையும்போது மரத்தின் நார் லேத்தின் அச்சோடு ஒரே திசையில் ஓடும். அடுப்பு, குடம், உரல் எதுவானாலும் நார் நெடுக்காகவே கிடக்கும். ஆகவே பருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்தை நோக்கி உளியை இறக்கினால் சுருள் சுருளாக வரும். நீங்கள் பாதி மரத்தில் கடைந்த கிண்ணத்திலோ நார் அச்சுக்குக் குறுக்கே கிடக்கிறது. ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும் இரண்டு முறை நாரின் வெட்டுவாயையும், அதாவது அறுபட்ட முனையையும், சந்திக்கிறது. உங்கள் சொரசொரப்பு எழுவது அந்த வெட்டுவாய்ப் பகுதிகளில்தான்.

அங்கே பிய்வதற்குக் காரணம் உளி போகும் திசை. ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அடியில் மிகச் சிறிய ஓலை, மேலே போகப் போக நீளமான ஓலைகள். கிண்ணத்தின் வெளிப்புறம் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. அடியிலிருந்து விளிம்பை நோக்கி உளி போனால், வெட்டப்படும் ஒவ்வோர் ஓலைக்கும் அடுத்த நீளமான ஓலை பின்னால் நின்று முட்டுக்கொடுக்கும். விளிம்பிலிருந்து அடியை நோக்கி வந்தால் ஓலையின் நுனிக்குப் பின்னால் எதுவும் இல்லை; நுனி மடங்கிப் பிய்ந்துவிடும். ஆகவே வெளிப்புறத்தைச் சிறுத்த அடியிலிருந்து பருத்த விளிம்புக்குக் கடைய வேண்டும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்குக் கடைய வேண்டும். நீங்கள் வெளிப்புறத்தை எந்தத் திசையில் கடைந்தீர்கள் என்று எழுதவில்லை. விளிம்பிலிருந்துதான் என்று ஊகிக்கிறேன்.

உளி கடித்த கதைக்கு வருவோம். நகவுளியின் முனையில் சாணை பிடித்த சாய்வான முகம் ஒன்று இருக்கிறது அல்லவா, அந்தச் சாய்முகம் மரத்தின் மேல் படிந்திருக்கும் வரையில்தான் உளி நம் சொற்படி கேட்கும். உட்புறத்தைத் தொடங்கும் கணத்தில் சாய்முகம் சாய்ந்துகொள்ள மரமே இல்லை. அதனால்தான் விளிம்பின் மேல் வழுக்கி ஓடுகிறது. அந்த ஒரு கணத்துக்கு உளியைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் குழிவு கிண்ணத்தின் நடுவைப் பார்க்கும்படி பிடித்து, நுனியால் மெல்ல ஒரு சிறு பள்ளம் இடுங்கள். சாய்முகத்துக்கு இடம் கிடைத்ததும் சிறிது சிறிதாக உளியின் குழிவை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டே வளைவில் இறங்கலாம்.

பிய்ந்த நாரை உப்புத்தாளால் சரிசெய்ய முயலாதீர்கள். பிய்வு ஆழமாக இறங்கியிருக்கும். நீங்கள் தேய்ப்பது சுற்றிலும் உள்ள நல்ல மரத்தை. கடைசி இழைப்புக்கு முன்னால் உளியைச் சாணையில் ஒருமுறை பிடித்துவிட்டு, மூச்சை அடக்கி, மெல்லிய சீவலாக ஒரே ஓட்டம் ஓட்டினால் அந்த இடம் தானாகவே வழவழக்கும்.

மரவாடிக்காரர்:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளாக மரம் அறுக்கிறேன். கோணாத பச்சைமரத்தை இன்னும் பார்க்கவில்லை.

பச்சைமரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. நாளங்களில் தங்கியிருக்கும் நீர் முதலில் வெளியேறும். அது போகும் வரையில் மரம் சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, நாரின் சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் வராது. நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருக்கமே இல்லை. வளையங்களுக்குக் குறுக்காக, அதாவது மையத்திலிருந்து பட்டையை நோக்கி, ஒரு பங்கு என்றால், வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இரண்டு பங்கு. உங்கள் கிண்ணத்தில் 152 அப்படியே நிற்கும் பக்கம் நார் ஓடும் பக்கம். 147 ஆகச் சுருங்கியது அதற்குக் குறுக்குப் பக்கம். உங்கள் அளவே இதைச் சொல்கிறது.

வெடிப்பு வேறு கதை. மரத்தைச் சரிபாதியாகப் பிளந்து, அந்தத் தட்டைப் பக்கமே விளிம்பாக வரும்படி கடைந்திருக்கிறீர்கள். வளையங்கள் பிறக்கும் மையம் அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் இருக்கும். அது இப்போது விளிம்போடு சேர்ந்துவிட்டது. எந்த மரமும் முதலில் வெடிப்பது அந்த மையத்திலிருந்துதான். பிளந்த பக்கத்தில் இன்னும் ஓர் அங்குலம் சீவி, மையத்தை அடியோடு நீக்கிவிட்டு வட்டம் போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். அதற்கு மேல், 5 மில்லிமீட்டர் விளிம்பு சில நாளில் காய்ந்துவிடும். 18 மில்லிமீட்டர் அடிப்பாகம் ஈரமாகவே இருந்து அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இழுபறியில் விளிம்புதான் கிழியும்.

முறையான வழி இரண்டு தடவையாகக் கடைவது. பச்சையாக இருக்கும்போது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் வைத்து, அடி முதல் விளிம்பு வரை ஒரே கனமாக முரட்டுக் கடைசல் போடுங்கள். 6 அங்குலக் கிண்ணத்துக்கு 15 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். பிறகு காயவிட்டு, கோணிய பிறகு மறுபடி வட்டமாக்கி மெலிதாகக் கடையுங்கள். கோணுவதற்கு இடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இந்த வேலையின் பாதி. மீதித் துண்டுகளின் இரண்டு முனைகளிலும் இன்றைக்கே மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசிவிடுங்கள். நீர் மிக வேகமாக வெளியேறுவது அறுத்த முனை வழியாகத்தான்.

கொங்குத் தச்சன்:

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் நாற்பது ஐம்பது ஆண்டு காய்ந்த தேக்கு உத்திரம் கிடைக்கிறது. அது இனிமேல் கோணப்போவதில்லை. பழகுபவர்கள் அதில் கடைந்தால் அன்றைக்கே கிண்ணத்தை முடித்துக் கையில் எடுக்கலாம். பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். எங்கள் வீட்டுச் சப்பாத்திக் கட்டைக்கு அதைத்தான் பூசுகிறோம்.

மரவாடிக்காரர்:

தச்சர் ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காய்ந்த மரம் கோணாது என்பது உண்மை. ஆனால் தேக்கில் மணற்சத்து உண்டு. உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். உத்திரத்தில் எங்கே ஆணி ஒடிந்து புதைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. புதிதாகக் கற்பவர் ஒரு மணி நேரத்தில் பத்து முறை சாணைக்குப் போக நேர்ந்தால், கை பழகுவதற்கு முன் சலிப்பு வந்துவிடும். பச்சைப் பூவரசு வெண்ணெய்போல் சீவும், தூசு பறக்காது. கையைப் பழக்க அதைவிட நல்ல மரம் நம் ஊரில் வேலியோரத்திலேயே கிடைக்கிறது. ஹவாய்த் தீவினரும் இதே மரத்தை மிலோ என்று அழைத்து, உணவுக்குச் சுவையோ வாடையோ ஏற்றாது என்பதற்காகக் கிண்ணங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்கார்பரோ பட்டறை:

வணக்கம் சகோதரி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது கனடாவில் மேப்பிள் மரத்தில் கிண்ணங்கள் கடைகிறேன். இங்கே மாரிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது அறைக்காற்று உலர்ந்துபோவதால், பச்சைக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உறங்கினால் விடியும்போது வெடித்திருக்கும். உங்கள் ஊரில் அதே கேட்டை மின்விசிறி செய்யும். நான் செய்வது இதுதான்: முரட்டுக் கடைசல் முடிந்தவுடன், அதே கிண்ணத்தின் ஈரச் சீவலைச் சுற்றிலும் இட்டுத் தடித்த காகிதப் பைக்குள் வைத்து, காற்றோட்டம் படாத மூலையில் தரையில் வைத்துவிடுவேன். பொலித்தீன் பை வேண்டாம், பூஞ்சணம் பிடித்துவிடும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, பென்சிலால் கிண்ணத்தின் அடியிலேயே திகதியும் எடையும் எழுதிவிடுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் அது அந்த அறையின் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள்.

வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் வரும் எண் 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர் வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு. உங்கள் 6 அங்குலத்துக்கு அது 1000 முதல் 1500 வரை. அதுவும் வட்டமாகிச் சமநிலைக்கு வந்த பிறகுதான். மூலை வெட்டிய கட்டையை 500க்கு மேல் தொடங்கவே கூடாது. 1800இல் ஒரு துண்டு கழன்று வந்திருந்தால் முகத்துக்குத்தான் வந்திருக்கும். கண்ணாடி மட்டும் போதாது. முகம் முழுவதையும் மூடும் கவசம் அணிந்து, தொடக்கும்போது கிண்ணத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டது உளியின் குற்றம் மட்டுமன்று என்று நினைக்கிறேன். உங்கள் குமிழின் தோள், அதாவது குமிழ் கிண்ணத்தோடு சேரும் படி, தட்டையாக இருந்ததா? குமிழின் நுனி சக்கின் அடியைத் தொடக்கூடாது. தோள்தான் தாடைகளின் மேல் முழுவதுமாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் கிண்ணம் ஆடும்.

வேலிப்பூவரசு:

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வெளிப்புறத்தை விளிம்பிலிருந்தே கடைந்தேன். தாமிரபரணிக்கரை ஐயா ஊகித்தது சரி. குமிழையும் பார்த்தேன். தோள் இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக வளைந்து இறங்கியிருக்கிறது. தாடைகள் பதிந்த தழும்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கீறலாகவும் தெரிகிறது.

ஆடையைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுக் கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொண்டுதான் நின்றேன். கைக்கு மட்டும் உறை போட்டிருந்தேன். அது சரிதானா?

தாமிரபரணிக்கரை:

உறையை உடனே விட்டுவிடுங்கள் அம்மா. சீவல் பட்டுக் கை எரிந்தால் எரியட்டும். சுழலும் மரம் உறையின் நூலைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சேலைத் தலைப்பு, நீளக்கை, கழுத்துச் சங்கிலி, கைவளையல் எதுவும் லேத்துக்கு அருகில் ஆகாது. பூச்சுப் பூசும்போதும் துணியைக் கையில் சுற்றாதீர்கள். பிடித்து இழுத்தால் கிழிந்துபோகும் மெல்லிய காகிதத்தையே பயன்படுத்துங்கள். எங்கள் பட்டறையில் என் சித்தப்பாவின் வேட்டி நுனியைச் சுழலும் கட்டை பற்றிய நாளை நான் மறக்கவில்லை. அன்று வேட்டி கிழிந்ததால் கால் தப்பியது.

பூச்சுக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயைக் குறித்துத் தச்சர் ஐயாவோடு நான் உடன்படவில்லை. எண்ணெய்களில் இரண்டு இனம் உண்டு. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், வால்நட் எண்ணெய் ஆகியவை காற்றிலுள்ள ஆக்சிஜனை உண்டு, நாருக்குள்ளேயே இறுகிவிடும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை இறுகுவதில்லை. அவை மரத்துக்குள் எண்ணெயாகவே கிடக்கும். நாளாக ஆகக் காறல் வாடையும் வரக்கூடும். சப்பாத்திக் கட்டையைத் தினமும் கழுவித் துடைப்பதால் அது தெரியாமல் போகிறது. ஆளிவிதை எண்ணெய் வாங்கினால் உண்ணத்தக்கதாகப் பார்த்து வாங்குங்கள். வண்ணக்கடையில் விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும்.

இதில் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையோ காகிதத்தையோ சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது அது வெப்பம் விடும். சுருட்டிய மடிப்புக்குள் வெப்பம் சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெட்டவெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

எங்கள் தொழிலில் பூசுவது அரக்கு. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் முகம் தெரியும் அளவுக்கு மின்னும். பார்க்க அழகு. ஆனால் சூடு பட்டால் இளகும், ஈரம் நின்றால் வெளுக்கும். கல்லுப்பு எந்நேரமும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் உப்பு மரவைக்கு உட்புறம் எந்தப் பூச்சும் வேண்டியதில்லை. வெளிப்புறத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் மெலிதாக இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் முழுவதும் இறுகவிட்டால் போதும்.

கொங்குத் தச்சன்:

எண்ணெயைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் கட்டையை முகர்ந்து பார்த்தேன். பிடியின் அடிப்பக்கத்தில் காறல் வாடை இருக்கத்தான் செய்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி அணியும்படியும் வேலிப்பூவரசு அம்மாவுக்குச் சொல்லுங்கள். மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் தலைமுறைத் தச்சர்கள் துண்டைக் கூட மூக்கில் கட்டியதில்லை. இருமிக்கொண்டே வேலை செய்தவர்களை நான் அறிவேன்.

வேலிப்பூவரசு:

பன்னிரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

மையத்தை முழுவதும் சீவி நீக்கிய துண்டில் 15 மில்லிமீட்டர் கனத்தில் முரட்டுக் கடைசல் போட்டேன். வேகம் 500இல் தொடங்கி, வட்டமான பிறகு 1000. வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கு ஓட்டியபோது வந்த சீவல் முழங்கை நீளத்துக்கு அறுபடாமல் தோளுக்கு மேல் பறந்தது. சத்தமே மாறிவிட்டது, முன்பு கரகரவென்று இருந்தது இப்போது சீறலாகக் கேட்டது. முதல் நாள் எடை 428 கிராம். காகிதப் பையில் சீவலோடு வைத்துப் பழைய நெல் குதிருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். முதல் வாரத்தில் மட்டும் 51 கிராம் குறைந்தது. ஒன்பதாம் வாரத்திலிருந்து 302இல் நிற்கிறது. வெடிப்பு இல்லை. விளிம்பை அளந்தால் முட்டை வடிவம்தான், ஆனால் அதற்குத்தானே கனம் விட்டு வைத்தோம்.

குமிழும் முட்டையாகிவிட்டதால் சக் பிடிக்கவில்லை. கிண்ணத்தின் வாயைச் சக்கின் மேல் கவிழ்த்து, இடையில் ஒரு ரப்பர் விரிப்பை வைத்து, லேத்தின் மறுமுனையிலுள்ள பின்முளையால் அடியை அழுத்திக்கொண்டு குமிழை மறுபடி வட்டமாகவும் தோளைத் தட்டையாகவும் கடைந்தேன். அதன் பிறகு வேலை எளிதாக நடந்தது. கடைசி ஓட்டத்துக்கு முன் உளியைச் சாணை பிடித்தேன். வெட்டுவாய் வரும் இரண்டு இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 180ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கினால் போதுமாயிருந்தது. இப்போது சுவரின் தடிமன் சுற்றிலும் 8 மில்லிமீட்டர்.

அடி சற்றே ஆடியது. கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்துக் கிண்ணத்தை எட்டு எழுதுவதுபோல் தேய்த்து அதையும் சரிசெய்துவிட்டேன். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசியாயிற்று. துடைத்த காகிதங்களைக் கிணற்றடித் தொட்டியில் முக்கினேன். வைரத்தின் செம்பழுப்பு ஒரு பக்கம், வெளிமரத்தின் வெளிர்நிறம் ஒரு பக்கம், நடுவே கோடு போட்டதுபோல் இரண்டும் பிரிகின்றன.

வெடித்த முதல் கிண்ணத்தை அம்மா எறியவிடவில்லை. அதில் காய்ந்த மிளகாய் போட்டு வைத்திருக்கிறார். புதியதில் நேற்று கல்லுப்பைக் கொட்டினார். கொட்டிவிட்டு, அப்பாயியின் மரவைக்கு விளிம்பில் விரல் பிடிக்க ஒரு மூக்கு இருந்ததே என்றார். அப்படி மூக்கு வைத்துக் கடைவதானால் விளிம்பைச் சுழற்சியிலேயே விட்டுவைத்துப் பிறகு செதுக்குவதா, அல்லது முதலிலேயே கட்டையை முட்டை வடிவில் அறுத்துக்கொள்வதா? இன்னும் நான்கு துண்டுகள், முனைகளில் மெழுகோடு, தாழ்வாரத்தில் இருக்கின்றன.

தாமிரபரணிக்கரை:

விளிம்பைச் சுற்றிலும் ஓர் அங்குல அகலத்துக்கு இதழ்போல் விட்டுவைத்துக் கடையுங்கள் அம்மா. முழுவதும் காய்ந்து இரண்டாம் கடைசலும் முடிந்த பிறகு, மூக்கு வர வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மீதி இதழைக் கையுளியால் செதுக்கி எடுத்துவிடலாம். மூக்கை நார் ஓடும் பக்கத்தில் வையுங்கள். குறுக்குப் பக்கத்தில் வைத்தால் தூக்கும்போது ஒடிந்துவிடும்.